மறுபயன்

ஒப்பந்தச் சட்டப் புத்தகம்
புதிதென்றால் இருநூற்றெண்பது டாலர்.
செயின்ட் பாலில் பழைய கடையொன்றில்
தொண்ணூறுக்குக் கிடைத்தது
யாரோ தீட்டிய மஞ்சளோடு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
மறுபயன் இல்லாத வாக்கு செல்லாது.
அந்த வரியின் பாதியில்
மஞ்சள் நின்றுவிட்டது.
அப்பால் வெறும் வெள்ளை, எழுநூறு பக்கம்.

அட்டைக்குள் பெயர்: பா ஞியா ஹெர்.

கடன் தாளில் ஒப்பமிட வந்தால்
மேசைமேல் சேர்க்கைக் கையேடுகள்.
மேலட்டையில் பல் தெரியச் சிரிக்கிறாள்,
கீழே அதே பெயர்,
'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு.'

"இவள் எந்த வகுப்பு?"

"போய் மூணு வருஷமாச்சு.
இரண்டாம் தவணை கட்டல"
என்றபடி பேனாவை நீட்டுகிறாள் லொரெய்ன்.
"புதுப் படத்துக்கு ஆள் தேடுறாங்க, ஹோதான்.
உனக்குச் சிரிக்க வருமா?"