நாற்ற நோட்டு

பத்து நாள் மூக்கைச் சிந்தக் கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது,
சுடச்சுட எதுவும் ஆகாது.
டாக்டர் படையாச்சி சொல்லிக்கொண்டே போனார்.
மூக்கின் கீழ் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.
"மீசை என்னைவிட உனக்குத்தான் எடுப்பா இருக்கு"
காரில் ஏற்றும்போது சாக்ரன்.
சிரித்தேன்.
கன்னத்து எலும்புக்குள் யாரோ
மேசையை இழுத்துப் போட்டார்கள்.

மூன்று தலையணை. உட்கார்ந்தபடியே தூக்கம்.
விடியும்போது நாக்கு
வெயிலில் மறந்துவிட்ட மிதியடி.
எட்டாம் நாள் சிலிக்கோன் தகடுகளை உருவினார்கள்.
என் முகத்துக்குள் இவ்வளவு நீளத்துக்கு
இடம் இருந்ததா?
ஆறுதலுக்குக் கை கொடுத்த சிஸ்டர் தாண்டேகா
அப்புறம் தன் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு உப்புத் தண்ணீர்.
வலதில் விட்டால் இடதில் வரும்
பழுப்பும் சிவப்புமாக ஏதோ ஒன்று,
பெயர் வைக்க மனம் வராதது.
கரண்டு போன இரவுகளில்
கேஸ் அடுப்பில் கெட்டில்,
டார்ச் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்கும் சாக்ரன்.

இதெல்லாம் தாங்கலாம்.
தாங்க முடியாதது நோட்டு.

பதினோரு வருடமாக
மெரிபேங்கில் எங்கள் தெருவுக்கு மூக்கு நான்.
சமையலறை ஜன்னலைத் திறந்தால்
எண்ணெய் ஆலையின் புகைக்குழாய்.
எது எப்போது கசிந்தாலும்
தேதி, மணி, காற்றின் திசை, என்ன நாற்றம்,
நீல அட்டை நோட்டில் ஏறிவிடும்.
அழுகிய முட்டை. பூனை மூத்திரம்.
கிழித்து அணைத்த தீக்குச்சி.
ஒருமுறை, பழுத்த பலாப்பழம்:
அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன்.
மாதக் கடைசியில் கமிட்டிக்குப் போகும்,
அங்கிருந்து நகராட்சிக்கு.
நாற்றம் என்றால் முன்பு நறுமணமும்தானாம்;
எங்கள் தெருவில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது ஐந்து வாரம் வெள்ளைத் தாள்.
மீன் கறி கொதிக்கிறது, வெறும் ஆவி.
கற்பூரம் எரிகிறது, வெறும் வெளிச்சம்.
நோட்டைப் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?
நீலாவதி எழுதவில்லை,
ஆகவே காற்று சுத்தம்.

சாக்ரனை எழுதச் சொன்னேன்.
செவ்வாய். நாற்றம்.
வியாழன். நாற்றம்.
சனி. பயங்கர நாற்றம்.
முப்பது வருடம் என் சமையலைச் சாப்பிட்ட மனிதர்!

ஆறாம் வாரம் டாக்டர்
கேமரா குழாயை விட்டுப் பார்த்து
அழகாக ஆறியிருக்கிறது என்றார்.
அழகு அவருக்கு.
எனக்கு, முன்பற்கள் இரண்டு இன்னும் மரத்தபடி.
ஆப்பிளைக் கடித்தால் வேறு யாரோ கடிக்கிறார்கள்.
மழைக்கு முந்தைய நாள்
புருவ நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்துகிறது.
இடது துளை தூக்கத்தில் விசில் அடிக்கிறதாம்.
"அது போகும்" என்றார்.
எப்போது?
"போகும்போது போகும்."

நேற்று விடிகாலை மூன்றே முக்கால்.
தொண்டைக்குள் வடிந்த சளி எழுப்பிவிட
பாட்டிலோடு தொட்டியருகே நின்றேன்.
வலது துளையில் ஒரு நூல்.
அழுகிய முட்டை.
மூச்சை நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன்.
இருந்தது.
கண் நிறைந்துவிட்டது.
இதற்கெல்லாமா அழுவார்கள்.

அப்புறம்தான் ஞாபகம்:
உள்ளே சீழ் பிடித்தாலும் இதே வாடை வரும் என்று
ஆஸ்பத்திரித் தாளில் அச்சடித்திருந்தார்கள்.
ஜன்னலைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.
வெளியிலிருந்து எனக்கு வருகிறதா,
என்னிடமிருந்து வெளியே போகிறதா?
சாக்ரனை உலுக்கினேன்.
"உங்களுக்கு வருதா?"
போர்வைக்குள்ளிருந்து ஒரே ஓர் உறிஞ்சல்.
"இருந்தா எழுது."

எழுதினேன்.
மூன்று ஐம்பது. தென்மேற்குக் காற்று.
அழுகிய முட்டை, லேசாக.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
பதினோரு வருடத்தில் முதலாவது.

கெட்டில் ஆறியிருந்தது.
இடதுக்கு இன்னும் பாக்கி.