புல எண் 214/2

அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் எனக்கு
நகல் எடுக்கும் வேலை.
சரிபார்க்க எதையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.
அவள் பெயரையும் அப்படித்தான் வாசித்தேன்:
இரத்தினாயி.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
வெங்கடம்மாள்.

எழுத்துப்பிழையோ என்று மேல்வரிக்குப் போனேன்.
வெங்கடம்மாளின் தகப்பன் பெயர் குப்பாயி.
பிழை இல்லை.

வழக்கு ஒரு ஏக்கர் எழுபது சென்ட் பற்றி.
இன்றைய கட்சிக்காரர் இருவருக்கும்
அவள் யாரோ.
மூலப் பத்திரத்தில் மட்டும் பழுப்பு மையில்:
சாமி புறப்பாட்டில் முன்னால் ஆடி வரவும்
கும்ப ஆரத்தி எடுக்கவும் விட்ட மானியம்.
ஆடாத வருஷம் அனுபவம் இல்லை.

ஊரெல்லாம் மழையைப் பார்த்து உழுதபோது
அவள் நிலம்
அவள் முழங்காலைப் பார்த்திருக்கிறது.

என் முழங்காலுக்கு முப்பத்தெட்டு வயது.
சனி ஞாயிறுகளில் ஃபேர்லேண்ட்ஸ் மாடி வகுப்பில்
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறேன்.
அரைமண்டியில் அவர்கள் அமர்வது தெரிவதில்லை.
நான் அமர்வது
மூன்று தெருவுக்குக் கேட்கும்.

வீட்டில் விடிகாலை ஐந்தரைக்கு
தட்டடவு மூன்றாம் காலம் தொடும்போது
கீழ்வீட்டுச் செங்கோடன் சார்
ஒட்டடைக் கம்பால் தன் கூரையை இடிப்பார்.
கோபத்திலும் மனுஷனுக்குத் தாளம் பிசகாது.
அவர் ஊருக்குப் போன வாரம்
எனக்குக் காலம் ஓடியது.

தீர்ப்பு வந்த வாரம்
ஆத்தூர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.
சேகோ ஆலை.
களம் முழுக்க ஈர ஜவ்வரிசி, கண் கூசும் வெள்ளை,
புளித்த கிழங்கு வாடை.
நான்கு பெண்கள் பாதத்தைத் தூக்காமல்
இழுத்து இழுத்துச் சால் போட்டுப் போனார்கள்,
திரும்பும் இடத்தில் நால்வரும் சேர்ந்து திரும்பினார்கள்.
என்ன வேணும் என்றார் காவலாளி.
எல்லைக்கல் என்றேன்.
காட்டினார். அதன்மேல் யாரோ வைத்த டீ டம்ளர்.

ஆடவில்லை.
செருப்பைக் கழற்றினேன்.
தரை சுட்டது, மாட்டிக்கொண்டேன்.

ஆண்டுவிழாவில் தொகுப்பாளர்
வருஷா வருஷம் சொல்வார்,
சிவன் ஆடினான், பரத முனிவர் எழுதினார்.
அங்கிருந்து ஒரே தாவலில்
எங்கள் டீச்சரிடம் வந்து இறங்குவார்.
நடுவில் எங்கும் கால் ஊன்ற மாட்டார்.

இந்த வருஷம் ஒரு படிவம் தந்தார்கள்.
பெயர். வயது. உருப்படி. பரம்பரை.
ரத்தமும் இல்லை, பாடமும் இல்லை,
அவர்களுக்கும் எனக்கும் எதுவும் இல்லை, தெரியும்.
உரிமை கோரவில்லை.
நகல் எடுக்கிறவள் கை, எழுதிவிட்டது:
குப்பாயி. அவள் மகள் வெங்கடம்மாள்.
அவள் மகள் இரத்தினாயி.
புல எண் 214/2.

அவர் அப்படியே வாசித்தார்,
பார் இரண்டு வரைக்கும்.
வண்டி எண்ணை அறிவிக்கிறார்கள் என்று
ஒருவர் எழுந்து வெளியே ஓடினார்.

திரை விலகியது.
மூன்றாம் வரிசையில் செங்கோடன் சார்.
அழைப்பிதழ் நான்தான் கொடுத்தேன்.
கம்பு கொண்டுவரவில்லை.

தாம் தித்தாம் தை தத் தை.
முதலில் ஒலித்தது
என் வலது முழங்கால்.