இரண்டு சென்ட்

ரீகாவில் மணி மூன்று பத்து.
வங்கியின் சர்வர் சாகவில்லை, சும்மா இருந்தது.
சூடில்லை. செயலியின் உழைப்பு சுழியம்.
பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை.
"இவ்வளவு சாதுவாய் இது இருந்ததே கிடையாது" என்றான் குன்டார்ஸ்,
கம்பு ரொட்டியை மென்றபடி.

இல்வா உறைந்த திரெட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள்.
நானூறு. அத்தனையும் வரிசையில்.
வரிசையின் தலையில் இரண்டே இரண்டு:
ஒன்று இந்தக் கணக்கைப் பூட்டிக்கொண்டு
அந்தக் கணக்குக்காக,
மற்றது அந்தக் கணக்கைப் பூட்டிக்கொண்டு
இதற்காக.
விட்டுக்கொடுக்க இரண்டுக்கும் யாரும் எழுதித் தரவில்லை.

எவனோ இரண்டு கணக்கு திறந்திருக்கிறான்.
இங்கிருந்து அங்கே ஒரு சென்ட்,
அங்கிருந்து இங்கே ஒரு சென்ட்,
ஒரே நொடியில், மறுபடி மறுபடி,
நடுவழியில் முட்டிக்கொள்ளும்வரை.
கடவுச்சொல் களவு போகவில்லை,
சுவரில் கீறல் இல்லை.
வல்லவனுக்குச் சில்லறையும் ஆயுதம்.

எட்டு மணிக்கு டிராம் ஓட்டுநர்களின் சம்பளம்.

திருத்தம் மூன்று வரிதான்:
யார் யாருக்கு அனுப்பினாலும்
சின்ன எண்ணை முதலில் பூட்டு.

பழைய வரியை எழுதியது யாரென்று
குன்டார்ஸ் தேடிப் பார்த்தான், பிறகு
ரொட்டியைக் கீழே வைத்தான்.
ஏழாண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை,
இல்வாவின் பெயர். பக்கத்திலேயே அவள் குறிப்பு:
'இப்படி நடக்க வாய்ப்பே இல்லை.'

அவள் அதை அழிக்கவில்லை.
கீழே தேதி போட்டாள். நேரம் போட்டாள்.

சர்வர் எழுந்த நாலாம் நிமிடம்
அவன் மறுபடி அனுப்பினான்.
ஒன்று போய்ச் சேர்ந்தது,
பின்னாலேயே மற்றது.
இரண்டு கணக்கிலும் இருப்பு
பழையபடியே.