ஒதுக்கீடு: சுழியம்

முதல் நாள் எங்கள் கணக்கில் இருந்தது சுழியம்.
முடுக்கிச் சில்லு ஒன்றுகூட இல்லை.
வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும்,
ஏன் வேண்டும் என்று ஒரு பெட்டிக்குள் எழுத வேண்டும்.
காரணம் எழுதிப் பழகிய ஊர்தான் இது.
எங்கே போகிறாய், யாரிடம், எத்தனை மணிக்குத் திரும்புவாய்.
ஹஸ்மியா தட்டினாள்:
ஒரு பிள்ளையின் முழு மரபணுத்தொகை. வயது ஒன்பது.
நடையை மறந்துகொண்டு வருகிறான்.
அனுப்புமுன் கடைசி வரியை அழித்தாள்.
"அவங்களுக்கு இது என்னத்துக்கு?"

நாலாம் நாள் ஒன்று தந்தார்கள்.

டொக்யார்ட் வீதியிலிருந்து சிங்கப்பூருக்கு
கோப்பை ஏற்ற இரண்டு இரவும் ஒரு பகலும்.
எந்தப் பெரிய கப்பலும் வந்து நிற்கக்கூடிய துறைமுகம்;
எங்களுக்கு வாய்த்தது ஊசிக்கண்.
நாற்பத்தியொரு வீதத்தில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமும்வரை
மதிலோரம் மான் ஒன்று
பாண் சுற்றிய பொலித்தீனை மென்றுகொண்டு
எங்களைப் பார்த்தது.

தகப்பன் வரோதயன் போன் எடுத்தார்.
"தம்பி, புது மெசின் வந்திட்டுதாமே?"
வந்தது ஒரு முகவரி மட்டும்,
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்.
"ஓம் அண்ணை, வந்திட்டுது" என்றேன்.

அந்தச் சில்லு வரும்போது எதுவுமாக இல்லை.
வாயில்கள் உண்டு, வழிகள் இல்லை.
நாம் ஏற்றும் சுற்றை வாங்கி
வாடகை ஓடும்வரை
எழுத்தோடு எழுத்து ஒப்பிடும் ஒன்றாக மாறும்.
நிறுத்தினால் போதும், பழையபடி வெறுமை.

முதல் ஓட்டம் நாலு செக்கனில் செத்தது.
இயக்கியின் பதிப்பு பொருந்தவில்லை.
இரண்டாவது ஓடி முடித்து
வெறுங்கோப்பைத் தந்தது.
லொக்கை வரி வரியாகப் பார்த்து
விடியப் பார்க்கக் கண்டுபிடித்தோம்:
ஒரு பட்டியலில் குரோமோசோம் ஒன்று,
மற்றதில் வெறும் ஒன்று.
ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்,
சோதனைச் சாவடியில் நின்றதுபோல நின்றிருக்கிறது.
ஹஸ்மியா சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாவது ஓட்டம்
இருபத்துமூன்று நிமிடம்.
எங்கள் பழைய சேர்வருக்கு முப்பத்தியொரு மணி.
தேத்தண்ணி ஆறவில்லை.
நாற்பத்தேழு இலட்சம் மாற்றங்கள்,
வடித்து வடித்துக் கடைசியில் ஒன்று,
அதன் எதிரே
*பொருள் தெரியவில்லை.*

இவ்வளவு விரைவாக
தெரியாது என்பதை வந்தடைந்தோம்.

கட்டணம் செக்கனுக்குச் செக்கன் ஏறிக்கொண்டிருந்தது.
நிறுத்தினேன்.
அங்கே எங்கோ ஒரு தட்டில்
அது அந்தப் பிள்ளையை மறந்தது.

வரோதயனுக்கு நான்தான் எடுத்தேன்.
தாயினதும் உங்களினதும் இரத்தம் வேணும்,
மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
ஏதும் தெளியலாம், தெளியாமலும் போகலாம்.
அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
மீன் விலை கூறும் சத்தம் பின்னால் கேட்டது.

"வெறும் வயித்தோட வரவேணுமோ?"

இல்லை அண்ணை.
சாப்பிட்டிட்டு வாங்கோ.