முப்பத்தைந்தாம் மாதம்

பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
வயதைக் கேட்டுவிட்டுப்
பேனாவைத் திறந்தாள் அந்தப் பெண்.

விரலால் சுட்டிக் காட்டுவாளா?
என் கையைப் பிடித்து இழுத்துப்போய்
பிஸ்கட் டப்பாமேல் வைப்பாள்,
கை ஏதோ கரண்டி மாதிரி.
'இல்லை'யில் ஒரு டிக்.

மற்ற பிள்ளைகளோடு சேருவாளா?
திருமங்கலத்தில் எங்கள் வளவே சொல்லும்:
'தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது.'
பூரித்துப் போயிருந்தேன் நான்.
அதையும் இங்கே கேட்பார்களென்று
யார் கண்டது?

பேர் சொன்னால் திரும்புவாளா?
சங்கவி, என்றாள் அவள்.
சங்கவி, என்றேன்.
மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும்
தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோரிப்பாளையம் திருப்பத்தில்
ஒரு பஸ் பிரேக் அடித்தது.
வெடுக்கென்று திரும்பினாள்.
'பாருங்கள், காது கேட்கிறது, எழுதுங்கள்!'
கட்டமில்லாத ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன வார்த்தை
ஃபைலுக்குள் இருக்கிறது.
நான் இன்னும் அதை
வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

பசுமலை தாண்டியதும்
என் கையை எடுத்தாள்,
ஜன்னல் கம்பிமேல் வைத்தாள்.
கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.
அவளுக்கு என்ன வேண்டும்?
தெரியவில்லை.
இறங்கும்வரை
நான் கையை எடுக்கவில்லை.