பின்னொட்டு

"சோதனை-2" என்று பெயர் வைத்தவன்
மூன்று வருஷம் முன்பே வேலையை விட்டு
வில்னியுஸ் போய்விட்டான்.
சோதனைதானே என்று
பிப்ரவரி இரவு இரண்டே முக்காலுக்கு
அதை நிறுத்தியவன் நான்.

கிளைப்பேடா துறைமுகத்தின் நான்காம் வாயில்
அந்தப் பெயருக்குள்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
தடுப்புக் கம்பம் எழவில்லை.
மினியா தெரு வரைக்கும் லாரிகள்,
பனியில், எஞ்சினை அணைக்காமல்.
ஓர் ஓட்டுநர் இறங்கிவந்து காவலரிடம் கேட்டதை
இங்கே எழுத முடியாது.

காலையில் ஸ்கைஸ்தே வந்தாள்.
கத்தவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
வெள்ளைப் பலகையில் எழுதினாள்:
திட்டம், சேவை, சூழல், எண்.
நடுவே சிறுகோடு.
அடியில், அழுத்தி:
மாறக்கூடிய எதையும் பெயரில் வைக்காதே.

பட்டியலைத் திறந்தோம்.
"புதியது" இருந்தது, நான்கு வயதாகி.
"உண்மையாகவே-புதியது" அதற்குத் தம்பி.
"தற்காலிகம்" எங்கள் எல்லோருக்கும் முன்பே
வேலையில் சேர்ந்திருந்தது.
"எக்லேயின்-பூனை" என்று ஒன்று.
எக்லே யார், எவருக்கும் தெரியவில்லை.
பூனை மட்டும் ஞாயிறு தவறாமல்
காப்புப் பிரதி எடுத்துவந்தது.

ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கொள்கலன்கள்,
நான்கு எழுத்து, ஏழு எண்.
உள்ளே வாழைப்பழமா நாற்காலியா
மூச்சுவிடாது.
கப்பல்காரன் கெட்டிக்காரன் என்றான் வைதோதாஸ்.

விதிமுறையின் கீழே
எழுதியவர் பெயரைத் தட்டும்போது
அவள் விரல் நின்றது.
நோர்விலியேனே.

எங்கள் மொழியில் ஒரு பெண்ணின் பெயர் முடியுமிடத்தில்
அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும்.
அய்தே என்றால் இன்னாரின் மகள்,
இயேனே என்றால் இன்னாரின் மனைவி.
நோர்விலாஸ் போன இலையுதிர்காலம்
இரண்டு பெட்டிகளோடு கௌனாஸ் போனது
அலுவலகம் முழுக்கத் தெரியும்.
பெயருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"சூழல் மாறிவிட்டது" என்றாள், திரையைப் பார்த்து.
சிரிக்கலாமா என்று வைதோதாஸ்
என்னைப் பார்த்தான்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.
பழைய புத்ரிமைத்தேவுக்கும் திரும்பவில்லை.
புத்ரிமே என்று அடித்தாள்.
மகளென்றும் மனைவியென்றும் சொல்லாத
வெறும் ஏகாரம்;
தேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.
சட்டம் எப்போதோ அனுமதித்ததுதான்.
படிவம், வரிசை, கட்டணம் எல்லாம்
திங்கட்கிழமை, மதியத்துக்கு மேல்.

ஓடுவதை நிறுத்தாமலே
பெயர் மாற்ற ஒரு கட்டளை உண்டு.
சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றை மாற்றினோம்.
ஒன்றும் தடுக்கி விழவில்லை.
கடைசி வரிக்கு வந்தபோது
என் கையைப் பிடித்தாள்:
பூனையை விடு.
காரணம் கேட்டேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.