ஆறு வரி

வீடு மந்திரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.
லிங்கராஜபுரம், மேம்பாலம் தாண்டி இரண்டாவது குறுக்குத் தெரு.
தண்ணீர் லாரி வழியை அடைத்து நின்றது.
தீர்த்தச் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
சுவரோரமாக நுழைந்தேன்.

ரோமையில் ஏழு வருஷம்
கதவுகள் என் முன்னால் திறந்தபடி இருந்தன.
எனக்காக இல்லை,
என் பின்னால் மெல்ல வரும் வெள்ளை அங்கிக்காக.

மாத்திரைகளை எண்ணி வைப்பேன்.
உரைகளைப் பெரிய எழுத்தில் அச்செடுப்பேன்.
காற்றடிக்கும் நாளில் இன்னொரு குல்லா என் பையில் இருக்கும்.
பெரியவர் மறந்த பெயரை அவர் தோளருகே குனிந்து
அவருக்கே ஞாபகம் வந்தது போலச் சொல்லுவேன்.
அப்புறம் தமிழ்க் கடிதங்கள்.
அந்த மாடியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
மூட்டையாக வரும், பாதி பெங்களூரிலிருந்து:
பூசை எந்த மொழியில் என்ற சண்டை,
நூறு கையெழுத்தோடு.

அவர் இறந்த காலை
அறைக் கதவில் அரக்கு முத்திரை வைத்தார்கள்.
ஒரு பெட்டி, என் செருப்பு, ஒரு குடை
வெளியே வந்தன.
குடை அவருடையது. யாரும் கேட்கவில்லை.

உபகாரமேரி வீட்டில் தையல் மெஷினுக்கு மேலே
சீரியல் லைட் சுற்றிய கண்ணாடிச் சட்டத்தில்
சாவிகள் பொறித்த தாள் ஒன்று தொங்கியது.
அதன் கீழ் ஓரத்தில்
என் கையெழுத்து.

"பாப்பரசரே சரின்னு எழுதிட்டாரு, சாமி.
எங்க வீட்டுக்காரர் எஸ்தாக்கி
பையப்பனஹள்ளி தண்டவாளத்துல தானாப் போய்ப் படுத்துட்டாரு.
அப்ப இருந்த சாமியார்
மணி அடிக்க மாட்டேன், பூசையும் கெடையாதுன்னுட்டாரு.
கல்லறையில ஓரமா வெச்சோம், முள்வேலிகிட்ட.
நாலு மாசங்கழிச்சு இது வந்துச்சு.
கொண்டுபோய் நீட்டினேன்.
முத்திரையப் பார்த்தாரு, திருப்பிப் பார்த்தாரு.
இத்தாலி பாஷை அவருக்கும் தெரியாதில்ல?
அன்னிக்கு சாயங்காலமே மணி அடிச்சாங்க.
எண்ணினேன். நாப்பத்தோரு அடி. வயசுக்கு ஒண்ணு."

அவள் கடிதத்தை நான் படிக்கவில்லை.
ராத்திரி படிக்கலாம் என்று ஒதுக்கிய கட்டில் இருந்திருக்கும்.
ஏதோ ஒரு ராத்திரி பெரியவருக்குக் காய்ச்சல்.
விடிந்ததும் நாற்பது உறைக்கும் ஒரே பதில்.

"என்ன எழுதியிருந்தீங்க?" என்றேன்.
"எனக்கெங்க எழுத வரும்?
தையல் கிளாஸ் பொண்ணு எழுதுச்சு.
நான் அழுதுட்டிருந்தேன், அது எழுதிட்டிருந்துச்சு.
நீங்க ரோமாபுரியில இருந்தவராமே,
படிச்சுச் சொல்லுங்க. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

ஆணியிலிருந்து சட்டத்தை இறக்கினாள்.
பின்னால் இரண்டு பல்லி முட்டைகள்.
பெரியவரின் வாக்கியத்தில்
ஒரு காற்புள்ளிகூட நான் கூட்டியவனில்லை.
உள்ளபடியே வாசித்தேன்:

உங்கள் கடிதம் கிடைத்தது.
திருத்தந்தை தம் செபத்தில் உங்களை நினைவுகூர்கிறார்.
உங்களுக்கும் உங்களைச் சேர்ந்தவர்களுக்கும்
தம் ஆசீரை அளிக்கிறார்.

தாளில் ஆறு வரி. தமிழில் அதுவும் இல்லை.
தலை நிமிராமல் நின்றேன்.

"அதத்தானே இத்தன வருஷமாச் சொல்றேன்,"
பேரன் டெல்வின் பக்கம் திரும்பினாள் அவள்.
"சேர்ந்தவங்களுக்கும்னு இருக்கு, கேட்டியா?"

பிறகு கண்ணாடியில் விரல் வைத்து,
"இது யாரு கையெழுத்து?"
"அங்கே வேலை பார்த்த ஒருத்தர்."
"கோழி கிளறின மாதிரி இருக்கு."

இரண்டு அறைக்கும் தீர்த்தம் தெளித்தேன்.
சமையலறையை மறந்து, திரும்பிப் போய் அதற்கும்.
தெருமுனை வரை வந்துவிட்டேன்,
தூறல் விழுந்தது.
டெல்வின் லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான்,
கையில் குடை.

"சாமி, உங்களுதுதானே?"

ஆமாம் என்று
வாங்கிக்கொண்டேன்.